திருவுளச்சீட்டும் ஏலச்சீட்டும்

"ஜெபிக்காம முடிவெடுத்தான், அதான் இப்படி." குமரி மாவட்டத்தில் எங்கள் கீரிப்பாறையில் ஒரு குடும்பம் கடனில் மூழ்கினாலும், ஒரு கல்யாணம் ஆறே மாதத்தில் முறிந்தாலும், வளைகுடாவுக்குப் போனவன் ஏஜெண்டிடம் ஏமாந்து திரும்பினாலும் முதலில் வந்து சேரும் தீர்ப்பு இதுதான். டீக்கடையில் சொல்கிறார்கள், துக்க வீட்டில் சொல்கிறார்கள், சபையில் பிரசங்கமாகவே சொல்கிறார்கள். கடவுளிடம் கேட்டவன் தவறுவதில்லை. தவறியவன் கேட்டிருக்க மாட்டான். இந்த எண்ணம் பிழை, பல வீடுகளைக் கெடுத்த பிழை என்று சொல்லவே இதை எழுதுகிறேன். ஞாயிறு தவறாமல் சபைக்குப் போகிறவன் நான் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நாத்திகன் எழுதியது என்று யாரும் மடித்து வைத்துவிட வேண்டாம்.

எதிர்த்தரப்பை அதன் பலத்தோடு சொல்வதுதான் நியாயம். மனிதன் தனக்கு வேண்டியதையே சரி என்று காண்பவன்; ஆசை வந்துவிட்டால் கூட்டலும் கழித்தலும் மறந்துபோகும். தனக்கு மேலே ஒருவர் இருக்கிறார் என்று முழங்கால் போடுகிறவன் ஒரு ராத்திரியாவது பொறுக்கிறான், தன் புத்தியைக் கொஞ்சம் சந்தேகப்படுகிறான். அறிவு போதாதவன் கேட்டால் கிடைக்கும் என்று யாக்கோபின் நிருபம் உறுதி தருகிறது. பலனும் கண்ணெதிரே இருக்கிறது. தமிழ்நாட்டில் 2003 தொடக்கத்தில் லாட்டரியை ஒழித்துவிட்டார்கள், ஆனால் களியக்காவிளையைத் தாண்டினால் கேரள அரசின் டிக்கெட் கையில் கிடைக்கும். சம்பள நாளில் பஸ் பிடித்துப் போய் அதை வாங்கிவந்துகொண்டிருந்தவர்கள், சாராயத்தில் பாதிக் கூலியைத் தொலைத்தவர்கள், எங்கள் லைன் வீடுகளில் எத்தனையோ பேர் ஜெபத்தால் விட்டிருக்கிறார்கள். அதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். இதில் ஒரு வரியையும் நான் மறுக்கவில்லை.

என் சண்டை இதற்கு அடுத்த படியில் தொடங்குகிறது. ஞானம் கேட்பது வேறு, விடை கேட்பது வேறு. எங்கள் ஊரில் நடப்பது இரண்டாவது. டிசம்பர் 31 இரவு ஆராதனையில் எடுத்த வாக்குத்தத்த அட்டையைப் பார்த்து நிலம் வாங்குகிறார்கள். கண்ணை மூடி வேதத்தைப் பிரித்து, விரல் பட்ட வசனத்தை வைத்துப் பெண் பார்க்கிறார்கள். ஊழியக்காரருக்குப் போன் போட்டு, 'ஆண்டவர் என்ன சொல்றார்' என்று கேட்டு வீட்டை அடகு வைக்கிறார்கள். பக்கத்து வீட்டில் அம்மன் சன்னதியில் பூக்கட்டிப் பார்க்கிறார்கள், வசதியுள்ளவர்கள் எல்லை தாண்டிப் போய்ப் பிரசன்னம் வைக்கிறார்கள். கும்பிடும் சாமி மாறுகிறது, பழக்கம் ஒன்றுதான். இதற்கு எல்லாம் 'கடவுளின் ஞானத்தைத் தேடுவது' என்று பெயர்.

முதல் மறுப்பு: இந்த நம்பிக்கை கணக்கு வைப்பதே இல்லை.

என் கதையையே சொல்கிறேன். 2011இல் ரப்பர் ஷீட் கிலோ 240 ரூபாயைத் தொட்டது. ஊரே நட்டது. தடிக்காரன்கோணம் பக்கம் எனக்கு எழுபது சென்ட் இருந்தது. மரச்சீனியும் சில சக்கை மரமும் இரண்டு அயனியும் நின்றன. அந்த வருடம் எனக்கு வந்த அட்டையில் நீரோரம் நட்ட மரத்தைப் பற்றிய வசனம். இதற்கு மேல் என்ன வேண்டும்? மூன்று நாள் உபவாசித்து ஜெபித்தேன், மனதில் சமாதானம் வந்தது, அயனி உட்பட எல்லாவற்றையும் வெட்டி ரப்பர் கன்று வைத்தேன். திண்ணையில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்த அம்மா மட்டும் கேட்டாள்: "மக்கா, இப்ப எல்லாவனும் நடுதான். ஏழு வருசம் கழிச்சு எல்லாவனும் சேந்து பால் வெட்டுவான். அப்பவும் இந்த ரேட்டு நிக்குமா?"

பள்ளிக்கூடம் போகாதவள் கேட்ட அந்தக் கேள்விதான் உலகச் சந்தையில் நடந்தது. விலை ஏறிய அதே ஆண்டுகளில் தாய்லாந்திலும் வியட்நாமிலும் ஐவரி கோஸ்டிலும் என்னைப் போன்றவர்கள் நட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்கள் மரமெல்லாம் பால் தரத் தொடங்கியபோது சீனாவின் வாங்கலும் தளர்ந்தது, கச்சா எண்ணெய் விழுந்ததால் செயற்கை ரப்பரும் மலிவானது. 2016 பிப்ரவரியில் ஷீட் நூறு ரூபாய்க்குக் கீழே போனது. என் கன்றுகள் வெட்டுக்கு வந்தபோது நட்ட காலத்து விலையில் பாதிதான் கிடைத்தது. இனி இதற்கு எதிர்காலமே இல்லை என்று ஜெபித்து, பாதி வயது மரங்களை விறகு விலைக்கு விற்றவர்களும் உண்டு. 2024 ஆகஸ்டில் விலை மறுபடியும் 240ஐத் தாண்டியது. ஜெபித்து நட்டவன் நஷ்டப்பட்டான். ஜெபித்து வெட்டி விற்றவனும் நஷ்டப்பட்டான். சோம்பலில் எதுவும் செய்யாமல் தோட்டத்தைக் காடாக விட்டிருந்த என் மச்சான்தான் கடைசியில் சிரித்தான்; அவன் ஈஸ்டருக்கு மட்டும் சபைக்கு வருகிறவன்.

இதை எடுத்துச் சொன்னால் பதில் தயாராக இருக்கிறது. லாபம் வந்தால் கடவுள் கேட்டார். நஷ்டம் வந்தால் விசுவாசம் போதவில்லை, அல்லது கடவுளின் நேரம் வேறு. எதை வைத்தாலும் ஒரே எடை காட்டும் தராசை எந்த ஷீட் கடைக்காரரும் கடையில் வைத்திருக்க மாட்டார். வாழ்க்கையின் பெரிய முடிவுகளை மட்டும் நாம் அந்தத் தராசில் நிறுக்கிறோம்.

இரண்டாவது மறுப்பு: இவர்கள் காட்டுகிற வேதமே இவர்கள் பக்கம் நிற்கவில்லை.

இவர்களின் பெரிய ஆயுதம் யோசுவாவின் புத்தகம் ஒன்பதாம் அதிகாரம். கிபியோன் ஊரார் தூரதேசத்தார் போல வேடமிட்டு வருகிறார்கள். கிழிந்து கட்டிய தோற்பைகள், தைத்த செருப்பு, பூசணம் பூத்த ரொட்டி. இஸ்ரவேலர் அந்த ரொட்டியை வாங்கிப் பார்த்தார்கள், கடவுளிடம் கேட்கவில்லை, உடன்படிக்கை செய்தார்கள், ஏமாந்தார்கள். கேட்காததை அந்த அதிகாரம் குற்றமாகவே சொல்கிறது, நான் மறைக்கவில்லை. ஆனால் பிரசங்கியார்கள் இரண்டே வசனம் தாண்டி வாசிப்பதில்லை. மூன்று நாள் கழித்து உண்மை தானாகவே தெரிந்துவிட்டது. வந்தவர்கள் பக்கத்து ஊர்க்காரர்கள். மூன்று நாள் பொறுத்திருந்தால், ஒரு ஆளை அனுப்பி விசாரித்திருந்தால் போதும். அவர்கள் கடவுளிடமும் கேட்கவில்லை, அடுத்த ஊரிலும் கேட்கவில்லை. ரொட்டியில் பூசணத்தைப் பார்த்ததும் எல்லாம் தெரிந்துவிட்டதாக நினைத்தார்கள். நான் அட்டையில் மரத்தைப் பார்த்ததும் நினைத்ததைப் போல.

அதைவிடப் பெரிய பாடம் அதற்குப் பின்னால் இருக்கிறது. ஏமாந்தது தெரிந்த பிறகு என்ன செய்தார்கள்? கொடுத்த வாக்கை முறிக்கவில்லை. கிபியோனியரை விறகு வெட்டவும் தண்ணீர் எடுக்கவும் வைத்துக்கொண்டார்கள். அடுத்த அதிகாரத்தில் அவர்களை எதிரிகள் தாக்கியபோது ராத்திரி முழுக்க நடந்துபோய்க் காத்தார்கள். தவறான முடிவிலிருந்து மீள்வது என்றால் அந்தப் புத்தகத்தில் அர்த்தம் அதுதான்: செய்ததன் சுமையைத் தூக்கிக்கொண்டு நடப்பது. நம் சபைகளில் சொல்லும் மீட்சி இன்னொரு அட்டை, இன்னொரு தீர்க்கதரிசனம், பழைய கடனை அடைக்க ஒரு புதிய கடன்.

சாலொமோன் ஞானம் கேட்டதும் அதே கிபியோனில்தான். அவன் கேட்டதைக் கவனியுங்கள். இந்தப் போரில் ஜெயிப்பேனா, இந்தப் பெண்ணைக் கட்டலாமா என்று கேட்கவில்லை. நல்லது கெட்டதைப் பகுத்தறிந்து ஜனங்களை நியாயம் விசாரிக்கிற ஓர் இருதயத்தைக் கேட்டான். கிடைத்ததும் வந்த முதல் வழக்கு, ஒரு குழந்தைக்கு இரண்டு தாய்கள் சண்டை போட்ட வழக்கு. அங்கே அவன் சீட்டுக் குலுக்கிப் போடவில்லை, ஆசாரியனைக் கூப்பிடவில்லை, கனவுக்குக் காத்திருக்கவில்லை. வாளைக் கொண்டுவரச் சொல்லிவிட்டு இரண்டு முகங்களைப் பார்த்தான். கடவுள் கொடுத்த ஞானம் அந்தப் பார்வையாகத்தான் இருந்தது. மூலமொழியில் அந்த வேண்டுதல் 'கேட்கிற இருதயம்' என்றே இருக்கிறது என்பார்கள் எபிரெயம் படித்தவர்கள். கேட்கிற காதைக் கொடு என்று வேண்டியவனை முன்மாதிரி காட்டிவிட்டு, நாம் யார் சொல்வதையும் கேட்பதில்லை.

அந்தச் சாலொமோனே கடைசியில் என்ன ஆனான் என்பதையும் சொல்ல வேண்டும். 700 மனைவிகள், 300 மறுமனையாட்டிகள், கட்டட வேலைக்குப் பிடித்துச் செல்லப்பட்ட ஜனங்கள், வெறுத்துப்போன நாடு. கடவுளிடமே நேரில் ஞானம் வாங்கியவன் முட்டாளாகச் செத்தான் என்று மரியாதையில்லாமல் சொல்லலாம். அவன் மகன் ரெகொபெயாம் மூன்று நாள் தவணை கேட்டான், பெரியவர்களிடம் கேட்டான், தன்னோடு வளர்ந்த வாலிபரிடமும் கேட்டான், இனித்ததை எடுத்துக்கொண்டான், நாட்டை இரண்டாக்கினான். ஆக, ஒருமுறை கேட்டது ஆயுள் காப்பீடு ஆகாது. நாலு பேரிடம் கேட்டேன் என்பதும் ஆகாது. கசப்பதைக் கேட்கத் தெரிய வேண்டும்.

திருக்குறளைத் தொட்டுக் கும்பிடுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. முதல் அதிகாரத்தையே கடவுள் வாழ்த்தாக வைத்த வள்ளுவர், எப்படி முடிவெடுப்பது என்று சொல்லும் தெரிந்துசெயல்வகை அதிகாரத்தில் பத்துக் குறளிலும் கடவுளை இழுக்கவில்லை. செலவு, வரவு, அதற்குப் பின் மிஞ்சுவது, தெரிந்தவர்களோடு ஆலோசனை. வரப்போகும் லாபத்தை நம்பிக் கைமுதலை விடாதே என்று ஒரு குறளும் அதில் உண்டு. பக்திக்கு ஓர் இடம், கணக்குக்கு ஓர் இடம் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

மூன்றாவது மறுப்பு: 'ஆண்டவர் சொன்னார்' என்றவுடன் வீட்டில் மற்ற எல்லாருடைய வாயும் அடைபட்டுப்போகிறது.

அம்மா கேட்ட கேள்விக்கு நான் என்ன பதில் சொன்னேன் தெரியுமா? "அம்மா, ஜெபிச்சாச்சு." அவ்வளவுதான். அவள் கீரையைப் பார்த்துக் குனிந்துகொண்டாள். ரப்பர் விலையைப் பற்றி என்னோடு வாதாட அவளுக்குத் தெம்பு இருந்தது. கடவுளோடு வாதாட இல்லை. என் மனைவியும் அயனி மரத்தை மட்டுமாவது விடுங்களேன் என்று சொல்ல வந்ததை விழுங்கிவிட்டாள் என்று பிற்பாடு தெரிந்தது. கடவுள் எனக்கு ஞானம் அனுப்பியிருந்தால் அது அந்தத் திண்ணையில்தான் உட்கார்ந்திருந்தது. அதை வாயடைக்க நான் கடவுளின் பெயரையே பயன்படுத்தினேன். எங்கள் வீடுகளில் இந்த வார்த்தையைச் சொல்கிறவன் பெரும்பாலும் ஆண், கேட்டு அடங்குகிறவள் பெண் என்பதையும் கவனிக்க வேண்டும். எத்தனை பெண்பிள்ளைகளின் படிப்பு இந்த ஒரு வார்த்தையில் நின்றிருக்கிறது!

சாமித்தோப்பில் அய்யா வைகுண்டரின் வழியில் போகிறவர்கள் கண்ணாடிக்கு முன்னால் நின்று கும்பிடுகிறார்கள். அதற்கு அவர்கள் சொல்லும் தத்துவம் பெரியது, நான் அதற்குள் போகவில்லை. என் மரமண்டைக்கு எட்டியது இவ்வளவுதான்: முடிவெடுக்கப் போகிறவன் முதலில் தன் முகத்தைப் பார்ப்பது நல்லது. 240 ரூபாய் என்றதும் என் கண்ணில் என்ன தெரிந்ததோ, அதை நான் பார்க்கவில்லை.

நான்காவது மறுப்பு: மோசடிக்காரனுக்கு இதைவிட நல்ல கேடயம் கிடையாது.

கடவுளின் விருப்பம் அறியக் குலுக்கும் திருவுளச்சீட்டும் சீட்டுதான், ஏலச்சீட்டும் சீட்டுதான். இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துக் குலுக்கியதில் எங்கள் மாவட்டம் போல் ஏமாந்த மாவட்டம் குறைவு. 2017இல் கேரள எல்லையை ஒட்டிய மத்தம்பாலையில் ஒரு சிட் நிறுவனம் கதவை மூடியபோது இரண்டு மாநிலத்து மக்களும் வாசலில் வந்து நின்றார்கள். அதற்கு ஐந்து ஆண்டு முன்பு வெளி மாவட்டத்தில், பெருந்துறைப் பக்கம் ஈமு கோழி வளர்ப்புத் திட்டமும் இப்படித்தான் முடிந்தது. இவற்றில் பணம் போட்டவர்கள் எல்லா மதத்தாரும்தான். ஆனால் மலையடிவாரத்துக்கு இத்தகைய மோசடிக்காரர்கள் வந்து சேரும் பாதையை நான் அறிவேன். 'நம்ம சபைப் பிள்ளை', 'நல்ல ஜெபிக்கிற பிரதர்' என்ற அறிமுகத்தோடு வருவார்கள். திறப்பு விழாவுக்கு ஜெபம், ரசீதின் தலைப்பில் வசனம்.

நாற்பது வருடம் பால் வெட்டி ஓய்வு பெற்ற ஒருவர் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் என்னிடம் வந்தார். கையில் கிராஜுவிட்டிப் பணம் இருந்தது. "அண்ணே, ஒரு ஜெபக் குறிப்பு" என்றார். லட்சத்துக்கு மாதம் மூவாயிரம் தருகிறார்களாம், போடலாமா என்று ஜெபிக்க வேண்டுமாம். நான் கணக்குச் சொன்னேன். மாதம் மூவாயிரம் என்றால் வருடத்துக்கு 36 சதவீதம். வங்கி தருவது ஏழு. அலுவலக வாடகை, ஏஜெண்டு கமிஷன் போக 36 சதவீதம் தரும் தொழில் எது? பதிவு பெற்ற ஏலச்சீட்டு என்றால் 1982ஆம் ஆண்டு சட்டத்தின்படி நடக்க வேண்டும். அதில் யாரும் மாதாமாதம் நிலையான வட்டி தருவதாகச் சொல்ல முடியாது, ஏலத்தில் தள்ளிய தொகையைத்தான் பங்கு பிரிப்பார்கள். டெபாசிட் என்றால் யார் அனுமதியில் வாங்குகிறார்கள்? புதிதாக வருகிறவன் பணத்தைப் பழையவனுக்குக் கொடுப்பதைத் தவிர இதற்கு வேறு வழி கிடையாது என்றேன்.

அவர் கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டுக் கேட்டார்: "அதெல்லாம் கேட்டா விசுவாசக் குறைச்சல் இல்லியாண்ணே?"

அந்த ஒரு கேள்விக்காகத்தான் இவ்வளவு பக்கம் எழுதுகிறேன். நாற்பது வருடம் மழையிலும் அட்டைக்கடியிலும் மரம் மரமாக நடந்து சேர்த்த பணத்தைப் பற்றி நாலு கேள்வி கேட்பது பாவம் என்று அவருக்கு யார் சொல்லிக் கொடுத்தது? நாம்தான். சந்தேகத்தைச் சாத்தானின் வேலை என்று ஞாயிறுதோறும் சொல்லி வளர்த்துவிட்டு, திங்கட்கிழமை அவர் சீட்டுக்காரனைச் சந்தேகப்படவில்லையே என்று அழுதால் எப்படி? அவர் ஜெபித்தார், போட்டார். அந்த ஆபீஸ் இப்போது பூட்டிக் கிடக்கிறது. சபையில் அவரைப் பற்றிப் பேசிக்கொள்வது என்ன தெரியுமா? 'சரியா ஜெபிக்காமப் போட்டுட்டாரு.'

ஐந்தாவது மறுப்பைச் சுருக்கமாகச் சொல்கிறேன், நீட்ட மனமில்லை. 2017 நவம்பர் 29 ராத்திரி தொடங்கி மறுநாள் ஒக்கிப் புயல் அடித்தது. இங்கே ரப்பர் மரங்கள் லட்சக்கணக்கில் முறிந்து கிடந்தன. கடற்கரையில் தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை ஊர்களிலிருந்து ஆழ்கடலுக்குப் போனவர்கள் எத்தனையோ பேர் திரும்பவில்லை. மந்திரித்த படகில், ஜெபமாலை தொங்கவிட்டுக் கடலுக்குப் போனவர்கள் அவர்கள். எச்சரிக்கை அவர்களுக்குப் போய்ச் சேரவில்லை. கேட்டவன் தவறுவதில்லை என்பவர்கள் அந்த ஊர்களில் போய் அதைச் சொல்லிவிட்டு வரட்டும்.

"அப்படின்னா ஜெபம் எதுக்கு?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி.

என் அப்பா அரசு ரப்பர் கழகத் தோட்டத்தில் பால் வெட்டியவர். நானும் பதினெட்டு வயதில் கத்தி பிடித்தவன்தான். விடிவதற்கு முன் நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு கிளம்பும்போது அப்பா வாசலில் நின்று அரை நிமிடம் கண்ணை மூடுவார். யானை, பாம்பு, வழுக்கு. அதற்குத்தான் ஜெபம். மரத்தடிக்குப் போனபின் கண்ணை மூட மாட்டார். பட்டைக்கு உள்ளே, தண்டைத் தொடுவதற்கு ஒரு மில்லிமீட்டர் முன்னால் கத்தி நிற்க வேண்டும். மேலே நின்றால் பால் குறையும், உள்ளே போனால் மரம் காயப்பட்டு முண்டு கட்டிவிடும். அந்தப் பக்கத்தில் பிறகு வெட்டவே முடியாது. இடது மேலிருந்து வலது கீழாகச் சரிவு பிசகாமல் இழுத்து, பால் சிரட்டையில் விழுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்த மரம். எனக்குச் சொல்லிக் கொடுக்கும்போது என் கத்தி இரண்டு முறை ஆழப் பாய்ந்தது. "ஜெபம் பண்ணிட்டுத்தான் வெட்டினேன்" என்றேன் விளையாட்டாக. மண்டையில் ஒரு தட்டு தட்டினார். "கண்ணைத் தொறந்து வெட்டுலே."

ஜெபம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பேராசையை அடக்கிக்கொள்ள, அவசரத்தை நிறுத்த, பிடிக்காத உண்மையைக் கேட்கும் தைரியத்துக்கு, செய்த முட்டாள்தனத்தின் கடனை ஓடாமல் அடைக்கும் பலத்துக்கு, இவற்றுக்கெல்லாம் ஜெபியுங்கள். நானும் ஜெபிக்கிறேன். எழுபது சென்டில் இப்போது ரப்பருக்கு நடுவே இரண்டு அயனிக் கன்று வைத்திருக்கிறேன். இந்த முறை அட்டை எதையும் பார்க்கவில்லை, மனைவியிடம் கேட்டேன்.

போதகர்களிடமும் மூப்பர்களிடமும் ஒரு வேண்டுகோள். ஓய்வு பெற்ற பணத்தோடு யாராவது ஜெபக் குறிப்பு சொல்லி வந்தால், அவர் தலையில் கை வைப்பதற்கு முன்னால் அந்தக் கம்பெனியின் பதிவு எண்ணைக் கேளுங்கள். சீட்டு நிறுவனங்களைப் பதிவு செய்வது பதிவுத்துறை. அங்கே போய் விசாரிக்க ஒரு நாள் கூலியும் பஸ் காசும்தான் ஆகும். கூடத் துணைக்கு ஒரு ஆளையும் அனுப்புங்கள். ஆமென் சொல்வதை அவர்கள் திரும்பி வந்த பிறகு வைத்துக்கொள்ளலாம்.